பாந்தியன்: விரிசல் விட்டும் விழாத கூரை

தளம் போட்டு ஒரு வாரம்கூட ஆகாமல் சுவரோரம் முடி கனத்துக்கு ஒரு வெடிப்பு தெரிந்தால் வீட்டுக்காரர் நம்மைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை ஒரு தடவையாவது வாங்கியவர்களுக்குத்தான் இந்தக் கட்டடத்தின் அருமை முழுசாகப் புரியும். ரோம் நகரத்தின் நடுவே இருக்கும் பாந்தியனின் கூரையில் (பாண்டியன் இல்லை, பாந்தியன், கிரேக்கத்தில் 'எல்லாக் கடவுளர்' என்கிற பொருள்) கீழிருந்து மேலே ஓடும் விரிசல்கள் இருக்கின்றன. ஒன்றிரண்டு இல்லை, சுற்றிலும் இருக்கின்றன. அந்தக் கூரைதான் ஏறத்தாழ 1,900 வருஷமாக நிற்கிறது. கம்பி கட்டாமல் போட்ட கான்கிரீட் குவிமாடங்களில் இன்றைக்கும் உலகத்திலேயே பெரியது அதுதான்.

பாந்தியனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் வடிவ அழகில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். வேலைத்தளத்தில் நின்றவன் கண்ணால் பார்த்தால் கதை வேறு. வேலை நடக்கும்போதும் முடிந்த கையோடும் அஸ்திவாரம், கூரை, முகப்பு என்று மூன்று இடத்தில் திட்டம் கைநழுவிய கட்டடம் இது. மூன்றில் எதையும் இடித்துவிட்டுத் திரும்பக் கட்டவில்லை, இருந்ததை வைத்தே சமாளித்தார்கள். எனக்கு அந்தச் சமாளிப்புதான் அழகாகத் தெரிகிறது, இங்கே எழுதப்போவதும் அதைப் பற்றித்தான்.

குளியல்கூடத்துக் கூரை, கோயில் முகம்

ரோமானியக் கோயில் என்றால் பொதுவாக உயரமான ஒரு மேடை, முன்பக்கம் மட்டும் படிக்கட்டு, தூண் வரிசை, அதற்குப் பின்னால் நீள்சதுரமாக ஓர் அறை. பலியெல்லாம் வெளியே பலிபீடத்தில்தான், உள்ளே சிலைக்கு மட்டும் இடம். வழக்கு விசாரணைக்கும் வியாபாரத்துக்கும் பசிலிக்கா என்ற நீளக் கூடம், வாடகைக்குக் குடியிருக்க இன்சுலா என்ற மாடி வீடுகள், குளிக்க தெர்மே என்ற பெரிய குளியல்கூடங்கள் என்று மற்ற வேலைகளுக்குத் தனித்தனி வகைகள் இருந்தன. இவற்றில் வட்டக் குவிமாடம் வளர்ந்த இடம் குளியல்கூடம்தான். நேப்பிள்ஸ் பக்கம் பாயே என்ற ஊரில் 'மெர்குரி கோயில்' என்று இப்போது ஒரு மண்டபத்தைச் சொல்கிறார்கள். பெயர்தான் கோயில், அது வெந்நீர்க் குளியலுக்காகக் கட்டியது. பாந்தியனுக்கு 100 வருஷத்துக்கு மேல் மூத்த அந்த மண்டபத்தின் கான்கிரீட் குவிமாடம் 21 மீட்டருக்கு மேல் விட்டம் கொண்டது. கி.பி. 64 பெருந்தீக்குப் பிறகு நீரோ கட்டிய பொன் மாளிகையிலும் ஓர் எண்கோண அறை இருக்கிறது, அதன் உச்சியிலும் வட்டமாக ஒரு திறப்பு.

பாந்தியனில் அந்தக் குளியல்கூடத்துக் கூரையை இரண்டு மடங்கு அகலமாக்கி, முன்னால் ஒரு கோயில் முகத்தை ஒட்டவைத்தார்கள். ஒட்டு போட்ட இடம் அப்பட்டமாகத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். உள்விட்டம் 43.3 மீட்டர். தரையிலிருந்து உச்சித் துளை வரை உயரமும் அதேதான், ஆக 43 மீட்டர் பந்து ஒன்றை உள்ளே வைத்தால் தரையிலும் உட்காரும், கூரையையும் தொடும். உச்சியில் எட்டு ஒன்பது மீட்டர் அகலத்துக்குத் திறந்த வட்டம், கண்ணாடி கிண்ணாடி ஒன்றும் கிடையாது. உள்ளிருந்து எழும் சூடான காற்று மழையைத் தடுத்துவிடும் என்று ஒரு கதை சுற்றுகிறது, நம்பாதீர்கள். தரை நடுவில் லேசாக மேடுதட்டி இருக்கிறது, பளிங்குப் பலகைகளில் தண்ணீர் இறங்கச் சின்னச் சின்னத் துளைகள் போட்டிருக்கிறார்கள். மழை உள்ளே வராது என்றால் அந்தத் துளைக்கு என்ன வேலை?

முகப்பில் ஒரு பெயர், செங்கல்லில் வேறு பெயர்

முகப்பில் பெரிய எழுத்தில், லூசியஸின் மகன் மார்கஸ் அக்ரிப்பா, மூன்றாம் முறை கான்சலாக (வருஷாவருஷம் ஆள் மாறும் ரோமின் உயர் பதவி) இருந்தபோது இதைக் கட்டினார் என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. அக்ரிப்பா அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் நெருங்கிய நண்பர், பிறகு மருமகனும் ஆனவர். கி.மு. 27க்கும் 25க்கும் இடையில் அவர் இந்த இடத்தில் ஒரு பாந்தியனைக் கட்டியது உண்மைதான். ஆனால் அது கி.பி. 80இல் எரிந்துபோனது. டொமிஷியன் சக்கரவர்த்தி திரும்பக் கட்டினார், அதுவும் கி.பி. 110இல் மின்னல் விழுந்து எரிந்தது. இப்போது நாம் பார்ப்பது அதற்குப் பிறகு எழுந்த கட்டடம், கிட்டத்தட்ட 125 முதல் 128க்குள் முடிந்தது. ஹேட்ரியன் சக்கரவர்த்திக்கு ஒரு பழக்கம், தான் புதுப்பித்த கட்டடங்களில் முதலில் கட்டியவர் பெயரையே போட்டுவிடுவார். அந்தப் பெருந்தன்மையால் ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். கட்டி முடித்து நூறு வருஷத்துக்குள் வரலாறு எழுதிய ரோமானிய செனட்டர் காசியஸ் டியோவே இதை அக்ரிப்பா கட்டினது என்றுதான் எழுதிவைத்திருக்கிறார்.

குட்டு உடைந்தது 1892இல். ஜார்ஜ் ஷெடான் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் கூரைப் பூச்சு உதிர்ந்த இடத்தில் உள்ளே இருந்த செங்கற்களைப் பார்த்தார். ரோமானியச் செங்கற்களில் முத்திரை குத்துவார்கள்: மண் எடுத்த நிலம் யாருடையது, சூளை யாருடையது, சில சமயம் அந்த வருஷத்துக் கான்சல்கள் யார் என்பதுவரை அந்த வட்ட முத்திரைக்குள் இருக்கும். கான்சல் பெயர் கிடைத்தால் வருஷம் கிடைத்த மாதிரி. சுவரிலும் கூரையிலும் இருந்த முத்திரைகள் அகஸ்டஸ் காலத்தைச் சொல்லவில்லை, அதற்கு நூறு வருஷம் தள்ளி, இரண்டாம் நூற்றாண்டைச் சொன்னன. அன்றிலிருந்து பாந்தியன் ஹேட்ரியன் கணக்கில் சேர்ந்தது. அப்புறம் 2000களில் லீஸே ஹெட்லாண்ட் என்ற ஆய்வாளர் முத்திரைகளைத் திரும்ப எடுத்துப் பார்த்து, வேலை ஹேட்ரியனுக்கு முந்தைய டிராஜன் காலத்திலேயே, 110 தீ முடிந்த சில வருஷத்தில் தொடங்கிவிட்டது என்று வாதிட்டார். டிராஜன் இறந்தது 117இல். நடுவில் சக்கரவர்த்தி மாறிய வேலை என்றால், அந்தக் கட்டடத்தில் திட்டம் மாறியிருப்பதும் புரிந்துகொள்ளக்கூடியதே. அரசாங்க வேலை எடுத்துச் செய்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

வடிவமைத்தவர் டிராஜனின் கட்டடக் கலைஞரான டமாஸ்கஸ் ஊர் அப்பொலோடோரஸ் என்று ஒரு கருத்து உண்டு. இவரைப் பற்றி டியோ ஒரு சம்பவம் சொல்கிறார். டிராஜனும் அப்பொலோடோரஸும் ஏதோ கட்டடம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, அப்போது இளைஞரான ஹேட்ரியன் நடுவில் மூக்கை நுழைத்தாராம். "நீ போய் உன் சுரைக்காயை வரைந்துகொண்டிரு, இதெல்லாம் உனக்குத் தெரியாது" என்று அப்பொலோடோரஸ் துரத்திவிட்டாராம். ஹேட்ரியனுக்குச் சுளை சுளையாகப் பிரிந்த குவிமாடங்கள் மேல் ஒரு மோகம், அதைத்தான் சுரைக்காய் என்று கிண்டல் செய்தது என்கிறார்கள். இளைஞர் சக்கரவர்த்தி ஆனதும் அதை மறக்கவில்லை. கலைஞர் நாடு கடத்தப்பட்டு, பின்னால் கொல்லப்பட்டார் என்று டியோ முடிக்கிறார்.

கலவை

ரோமானிய கான்கிரீட்டைப் பற்றி நினைக்கும்போது ரெடிமிக்ஸ் லாரியை மறந்துவிட வேண்டும். குழைத்து ஊற்றுகிற பதம் அது இல்லை. சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பல் மண்ணும் சேர்ந்த கெட்டிக் கலவை ஒரு வரிசை, அதன்மேல் கைக்கு அடங்குகிற அளவு கல் ஒரு வரிசை, திரும்பக் கலவை, திரும்பக் கல் என்று கையால் அடுக்கி இறுக்கிக்கொண்டே போவார்கள். சுவரின் இரண்டு முகத்திலும் செங்கல்லை முதலில் எழுப்பி, நடுவில் இதைப் போடுவார்கள், ஆகவே சுவருக்குப் பலகை அடிக்கிற வேலையே மிச்சம். செங்கல்தான் சென்ட்ரிங், அதைப் பிரிக்கவும் வேண்டாம். ஏறத்தாழ நாலடிக்கு ஒரு தடவை இரண்டடிச் சதுரப் பெரிய செங்கற்களைச் சுவரின் முழு ஆழத்துக்கும் பரப்பி ஒரு மட்டம் கட்டிவிட்டு மேலே போனார்கள்.

அந்தச் சாம்பல் மண்தான் சூட்சுமம். வெறும் சுண்ணாம்புக் கலவை காற்றுப் பட்டால்தான் இறுகும், ஆறு மீட்டர் கனச் சுவரின் நடுவே காற்று எப்படிப் போகும்? எரிமலைச் சாம்பலில் இருக்கிற சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு தண்ணீரிலேயே வினைபுரிந்து இறுகிவிடும், காற்று வேண்டாம். நேப்பிள்ஸ் அருகே பொட்சுவோலி என்ற ஊரில் கிடைத்த மண்ணுக்கு இதில் பேர் அதிகம். நம்மூர் சிமெண்ட் மூட்டையில் பி.பி.சி. என்று போட்டிருக்கிறதே, அதில் நடுவில் நிற்கும் 'பி' பொசோலானா, அதாவது இந்த ஊர்ப் பெயர்தான். இன்றைக்கு எரிமலைச் சாம்பலுக்குப் பதில் அனல் மின்நிலையச் சாம்பலைச் சேர்க்கிறோம். கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில் விட்ருவியஸ் எழுதிய கட்டடக் கலை நூலில் கணக்குகூடக் கொடுத்திருக்கிறார்: குழிமணல் என்றால் மூன்று பங்குக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்று மணலோ கடல் மணலோ என்றால் இரண்டுக்கு ஒன்று.

பாந்தியனில் என்னை வியக்கவைப்பது கலவைகூட இல்லை, ஜல்லி. எல்லா உயரத்துக்கும் ஒரே ஜல்லி போடவில்லை. அஸ்திவாரத்தில் டிராவர்டைன் என்ற கனமான சுண்ணாம்புக் கல். சுவரின் கீழ்ப்பகுதியில் டிராவர்டைனும் டூஃபா என்ற எரிமலைக் கல்லும் மாறி மாறி. அதற்கு மேலே டூஃபாவும் செங்கல் துண்டும். இன்னும் மேலே, குவிமாடம் கிளம்புகிற இடத்தில், பெரும்பாலும் செங்கல் துண்டு. உச்சியை நெருங்கும்போது லேசான டூஃபாவோடு, வெசூவியஸ் எரிமலைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையான எரிமலைக் கல். உச்சிப் பகுதியின் கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,350 கிலோதான். இன்று நாம் போடுவது 2,400 கிலோ. கனமும் அப்படியே குறைகிறது: குவிமாடத்தின் அடியில் கிட்டத்தட்ட 6 மீட்டர், துளையோரத்தில் 1.2 மீட்டர் மட்டுமே. உச்சியில் துளை விட்டதும் ஒருவகையில் இதே கணக்கின் கடைசி வரிதான், அங்கே எடையே இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரோமானிய கான்கிரீட் தன் விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும் என்ற செய்தியைப் பார்த்திருப்பீர்கள். 2023இல் வெளிவந்த அந்த ஆய்வு பிரிவெர்னும் என்ற ஊரின் பழைய மதில் சுவரில் எடுத்த மாதிரிகளை வைத்துச் செய்தது. நீற்றாத சுண்ணாம்பைச் சூட்டோடு கலந்ததால் உள்ளே வெள்ளைக் கட்டிகள் தங்கி, பிறகு விரிசலில் தண்ணீர் இறங்கும்போது கரைந்து அடைக்கிறது என்பது அதன் சாரம். அதே முறையில் போட்டுப் பார்த்த கலவையில் அரை மில்லிமீட்டர் விரிசல் அடைபட்டது. நல்ல ஆய்வு. ஆனால் அதைத் தூக்கிவந்து பாந்தியன் கூரை நிற்பதற்கு இதுதான் காரணம் என்று சொல்வது தப்பு. பாந்தியனின் விரிசல்கள் அடைபடவில்லை, இன்றும் அப்படியே இருக்கின்றன.

மண் இறங்கியது

இடம் கம்புஸ் மார்டியுஸ், டைபர் ஆற்றின் வளைவுக்குள் இருக்கும் தாழ்ந்த நிலம். அப்போது வெள்ளம் வந்து போன ஈரமான களிமண். அதில் ஏறத்தாழ 7 மீட்டர் அகலம், நாலரை மீட்டர் ஆழத்துக்கு கான்கிரீட் வளையம் ஒன்று போட்டார்கள். மேலே சுவர் ஏறியபோது அடியில் இருந்த மண் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இறங்கவில்லை, வளையம் வெடித்தது. அவர்கள் செய்தது நேரடியான வேலை: முதல் வளையத்தைச் சுற்றி இன்னொரு 3 மீட்டர் அகலத்துக்கு இரண்டாவது வளையம் போட்டு இறுக்கினார்கள். தெற்குப் பக்கம், கட்டடத்தின் முதுகில், பின்னாலிருந்த பசிலிக்காவுக்கும் வட்டச் சுவருக்கும் நடுவே தடித்த குறுக்குச் சுவர்களை எழுப்பி முட்டுக் கொடுத்தார்கள். பின்பக்கத் தெருவில் போனால் அந்த முட்டுச் சுவர்களைப் பார்க்கலாம், நிறையப் பேர் பின்பக்கம் போவதே இல்லை.

சாத்துக்குடித் தோல் கணக்கு

இப்போது கூரை. சாத்துக்குடியைப் பாதியாக வெட்டி, சாற்றைப் பிழிந்துவிட்டு, தோலை மேசையில் கவிழ்த்து உச்சியில் விரலால் அழுத்திப் பாருங்கள். உச்சி உள்ளே இறங்கும், விளிம்பு வெளியே விரியும். இன்னும் அழுத்தினால் விளிம்பிலிருந்து மேல் நோக்கிக் கிழியும். உச்சியில் கிழியாது. குவிமாடத்திலும் நடப்பது இதுதான். மேல்பகுதி முழுக்க அமுக்கத்தில் இருக்கிறது, கான்கிரீட்டுக்கு அமுக்கம் பிடித்த விஷயம். கீழ்ப்பகுதியில் சுற்றுவட்டமாக ஓர் இழுவிசை வருகிறது, கான்கிரீட்டுக்கு அது ஆகவே ஆகாது. நாமாக இருந்தால் அந்த இடத்தில் வளையமாகக் கம்பி கட்டியிருப்போம். அவர்களிடம் கம்பி கட்டும் வழக்கம் இல்லை. வெடித்தது.

1930களில் அல்பெர்டோ டெரென்சியோ இந்தக் கூரையைச் சாரம் கட்டி ஏறிப் பழுதுபார்த்தபோது விரிசல்களை விவரமாகப் பதிவுசெய்தார். அடியிலிருந்து செங்குத்தாக, பூமி உருண்டையின் தீர்க்கரேகை மாதிரி மேலே போகும் விரிசல்கள். 1986இல் ராபர்ட் மார்க், பால் ஹட்சின்சன் இருவரும் கணினியில் மாதிரி கட்டி விசையைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் சொன்னதன் சாரம்: விரிசல் விட்ட பிறகு இது குவிமாடமாக வேலை செய்யவில்லை. தர்பூசணிக் கீற்று மாதிரி தனித்தனி வளைவுகளாகப் பிரிந்து, எல்லாம் உச்சி வளையத்தில் ஒன்றுக்கொன்று தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கின்றன. சுவருக்குள் வெற்றிடம் விட்ட இடங்களுக்கு நேர் மேலேதான் பெரும்பாலும் விரிசலும் கிளம்பியிருக்கிறது.

தனி வளைவுகள் என்றால் ஒவ்வொன்றும் காலை வெளியே தள்ளும், அந்தத் தள்ளலைத் தாங்க வேண்டும். அங்கேதான் ரோமானியர்களின் அனுபவம் பேசுகிறது. வெளியிலிருந்து பாந்தியனைப் பார்த்தால் குவிமாடம் அரைக்கோளமாகவே தெரியாது, தட்டையான தாம்பாளத்தைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். காரணம், உள்ளே குவிமாடம் தொடங்கும் மட்டத்துக்கு மேலும் வெளிச்சுவர் உயர்ந்து போகிறது, அதற்கு மேலே தோள்பட்டையில் படிப்படியாக ஏழு வளையங்கள் ஏற்றியிருக்கிறார்கள். பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும் இந்தப் படிகள் உண்மையில் பாரம். வளைவின் தோளில் கனத்தை வைத்து அழுத்தினால் அது வெளியே பிதுங்காது, விசைக்கோடு நேர் கீழே திரும்பிச் சுவருக்குள் இறங்கிவிடும். உள்ளே நாம் அண்ணாந்து பார்த்து மயங்கும் அந்தச் சதுரக் குழிகள், ஒரு வரிசைக்கு 28 வீதம் ஐந்து வரிசை, எடையைக் குறைக்கப் போட்டது என்று எல்லாரும் எழுதுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதில் கிடைக்கிற லாபம் சொற்பம். படி வளையங்களும் ஜல்லி மாற்றமும் செய்த வேலையோடு பார்த்தால் குழிகளின் பங்கு ரொம்பக் குறைவு.

சுவரும் சும்மா இல்லை. 6 மீட்டர் கனம் என்றாலும் முழுக்கக் கெட்டி கிடையாது: உள்ளே வாசலையும் சேர்த்து எட்டுப் பெரிய மாடங்கள், அவற்றுக்கு நடுவே எட்டுத் தடித்த தாங்கு தூண்கள், அந்தத் தூண்களுக்குள்ளும் வெற்று அறைகள். மாடங்களுக்கு மேலே வரும் பாரத்தை இரண்டு பக்கத் தூணுக்கும் திருப்பிவிடச் செங்கல் வளைவுகளைச் சுவருக்குள்ளேயே புதைத்திருக்கிறார்கள். வெளிச்சுவரில் பூச்சு போன இடங்களில் இந்த வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாக, ஏதோ அடைத்த ஜன்னல் மாதிரித் தெரியும். ஜன்னல் இல்லை. ஈரக் கான்கிரீட் இறுகுகிற வரைக்கும் சுவர் பிளக்காமல் பிடித்துக்கொண்டது இவைதான்.

பத்தடி குறைந்த தூண்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி முகப்பு. சதுக்கத்தில் கொஞ்சம் தள்ளி நின்று முகப்பு மண்டபத்தின் முக்கோணத்துக்கு மேலே பாருங்கள். பின்னால் இருக்கும் செவ்வகத் தொகுதியில், இன்னும் உயரத்தில், இன்னொரு முக்கோணத்தின் கோடு செங்கல்லில் புடைத்துத் தெரியும். எதற்கு இரண்டு முக்கோணம்? மேலே இருப்பதோடு எதுவுமே வந்து சேரவில்லை. வட்டச் சுவரைச் சுற்றி ஓடும் வெளிவிளிம்புகள் முகப்பின் விளிம்போடு மட்டம் சேரவில்லை. தூண்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியும் அந்தப் பருமனுக்குக் கொஞ்சம் அதிகம். மறுமலர்ச்சிக் காலக் கட்டடக் கலைஞர்களுக்கே இந்தக் கட்டடத்தின் பொருந்தாத கோடுகள் கண்ணை உறுத்தின. அந்தோனியோ தா சங்கல்லோ 'திருத்திய' படம் வரைந்தே பார்த்தார்.

1987இல் பால் டேவிஸ், டேவிட் ஹெம்சோல், மார்க் வில்சன் ஜோன்ஸ் மூவரும் ஒரு விளக்கம் சொன்னார்கள். முகப்புக்குத் திட்டமிட்டது 50 ரோமானிய அடித் தூண்கள், வந்து சேர்ந்தது 40 அடித் தூண்கள். 50 அடித் தூணை வைத்து வரைந்து பாருங்கள், மேல் முக்கோணம் சரியாக உட்காரும், விளிம்புகள் சேரும், இடைவெளியும் அளவாகிவிடும். மூன்று சிக்கலுக்கும் ஒரே சாவி. இதை ஏற்காதவர்களும் உண்டு. என் ஓட்டு இந்த விளக்கத்துக்குத்தான், ஏனென்றால் வேலைத்தளத்தில் நடக்கிற விஷயம் இது. சரக்கு வரவில்லை, கிடைத்ததை வைத்து முடி.

பத்தடிதானே என்று தோன்றும். தூணின் உயரம் கால் பங்கு கூடினால் பருமனும் அதே விகிதத்தில் கூட வேண்டும், ஆக எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 40 அடித் தூண், அதாவது 11.8 மீட்டர் ஒற்றைக் கல், 50 முதல் 60 டன். 50 அடித் தூண் 100 டன். முகப்பின் முன்வரிசைச் சாம்பல் நிறத் தூண்கள் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் மோன்ஸ் கிளாடியானுஸ் என்ற குவாரியில் வெட்டியவை. அங்கிருந்து நைல் நதிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பாலைவனத்தில் இழுத்து, படகில் ஏற்றி அலெக்சாண்ட்ரியா, அங்கிருந்து கப்பலில் மத்தியதரைக் கடல் தாண்டி ரோமின் துறைமுகம், மறுபடி படகில் டைபர் ஆற்றில் எதிரோட்டம். உள்வரிசையில் இருந்த சிவப்பு கிரானைட் தூண்கள் அஸ்வானிலிருந்து வந்தவை. மோன்ஸ் கிளாடியானுஸ் குவாரியில் இன்றும் 200 டன் வரக்கூடிய ஒரு ராட்சதத் தூண் உடைந்து கிடக்கிறது, வெட்டின இடத்திலேயே விரிசல் விட்டுவிட்டது. உடைந்த பானை ஓடுகளில் எழுதிய ஆயிரக்கணக்கான குறிப்புகளும் அங்கே கிடைத்திருக்கின்றன, யாருக்கு எவ்வளவு ரேஷன், யாருக்கு உடம்பு சரியில்லை என்பதுவரை.

இதோடு சேர்த்துப் பார்க்க ஒரு பாபிரஸ் கடிதம் உண்டு. கி.பி. 118-119 வாக்கில் எகிப்தில் அப்போலோனியோஸ் என்ற மாவட்ட அதிகாரிக்கு வந்தது. விஷயம் வாற்கோதுமை. 50 அடித் தூண் ஒன்றை இழுத்துவர ஏகப்பட்ட மிருகங்களைக் கூட்டி வைத்திருக்கிறோம், தீவனம் தீரப்போகிறது, உடனே அனுப்பு என்கிற தோரணையில் இருக்கிறது. பாந்தியன் வேலை நடந்துகொண்டிருந்த அதே வருஷங்கள். அந்தத் தூண் பாந்தியனுக்குத்தான் என்று கடிதத்தில் இல்லை, மறைந்த டிராஜனுக்கு எழுப்பிய கோயிலுக்குப் பெரிய தூண்கள் போய்விட்டன என்றும் சொல்கிறார்கள். எப்படியோ, 50 அடித் தூண் ஒன்று நகர்வதற்குள் ஒரு வட்டாரத்தின் தீவனமே காலியாகும் என்பது அந்தக் கடிதத்தில் தெளிவாகத் தெரிகிறது. கட்டடம் பாதியில் நிற்க, சக்கரவர்த்தி மாறியிருக்க, கையிருப்பில் 40 அடித் தூண்கள் இருந்தால் எந்தப் பொறுப்பாளரும் என்ன முடிவெடுப்பார்?

அந்த முடிவுக்கு ஏற்ப முகப்பைப் புதிதாக வரைய வேண்டியிருந்தது. காகிதம் கிடையாது, தோலும் பாபிரஸும் அவ்வளவு பெரிதாகக் கிடைக்காது, அதனால் நிஜ அளவிலேயே தரையில் கீறினார்கள். அகஸ்டஸின் கல்லறைக்கு முன்னால் டிராவர்டைன் பாவிய தளத்தில் இருந்த சில கீறல் கோடுகள் என்ன என்று யாருக்கும் புரியாமலே இருந்தது. 1990களில் லோதர் ஹாசல்பெர்கர் அவற்றை அளந்து, பாந்தியன் முகப்பு முக்கோணத்தின் சரிவோடும் தூண் தலையோடும் பொருந்துகின்றன என்று காட்டினார். பாந்தியனிலிருந்து வடக்கே ஒரு கிலோமீட்டர்கூடத் தள்ளி இல்லை. ஆற்றங்கரைப் பக்கம், கல் இறக்க வசதியான இடம். அங்கே வெட்டிச் செதுக்கி, இங்கே கொண்டுவந்து ஏற்றியிருக்கிறார்கள்.

பிறகு வந்தவர்கள்

609இல் ஃபோகாஸ் சக்கரவர்த்தி கட்டடத்தை நான்காம் போனிஃபேஸ் பாப்பரசருக்குக் கொடுக்க, அது மாதாவுக்கும் வேதசாட்சிகளுக்குமான தேவாலயம் ஆனது. ரோமின் மற்ற பழைய கட்டடங்களைக் கல்லுக்காகவும் சுண்ணாம்புச் சூளைக்காகவும் பிரித்தபோது இது தப்பியதற்கு அதுதான் காரணம். முழுக்கத் தப்பவில்லை. 663இல் பைசாந்தியச் சக்கரவர்த்தி இரண்டாம் கான்ஸ்டன்ஸ் வந்து கூரையில் இருந்த முலாம் பூசிய வெண்கல ஓடுகளைக் கழற்றிக்கொண்டு போனார், 735இல் ஈயத் தகடு போட்டு மூடினார்கள். 1625இல் எட்டாம் அர்பன் பாப்பரசர் முகப்பு மண்டபத்தின் வெண்கல உத்தரங்களை உருக்கிப் பீரங்கி செய்தார். அவர் பார்பெரினி குடும்பம். காட்டுமிராண்டிகள், அதாவது பார்பரிகள், செய்யாததைப் பார்பெரினிகள் செய்தார்கள் என்று ஊர் சிரித்தது. முகப்பில் இரண்டு மணிக்கூண்டும் முளைத்தது, மக்கள் 'கழுதைக் காது' என்றார்கள், 1883இல் எடுத்துவிட்டார்கள்.

அதே அர்பன்தான் முகப்பின் கிழக்கு மூலையில் போயிருந்த தூணுக்குப் பதில் வேறொன்று நிறுத்தியவர். பிறகு ஏழாம் அலெக்சாண்டர் பாப்பரசர் அந்தப் பக்கத்திலேயே இன்னும் இரண்டைச் சரிசெய்தார், அதற்கு நீரோவின் குளியல்கூட இடிபாட்டிலிருந்து பழைய தூண்கள் கிடைத்தன. மறுபடியும் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றியதுதான். முகப்பைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கக் கடைசித் தூண். அதன் தலையில் இலைக் கொத்துக்கு நடுவே, மற்ற தூண்களில் பூ இருக்கிற இடத்தில், ஒரு தேனீ உட்கார்ந்திருக்கும். பார்பெரினி குடும்பச் சின்னம்.